பலாவும் முந்திரியும் ஒரே கொல்லையில்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் சட்டையும் வெள்ளையாக இருக்காது. முந்திரிப்பழச் சாறு துணியில் பட்டதும் ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் பழுப்பாக எழும்பி வரும். எலுமிச்சை தேய்த்தாலும் போகாது, வெயிலில் கிடத்தினாலும் போகாது. பள்ளிக்கூடச் சட்டை வேறு, கொல்லைச் சட்டை வேறு என்று அம்மா பிரித்துத்தான் வைப்பாள். சித்திரை முடிவதற்குள் எல்லாமே கொல்லைச் சட்டையாகிவிடும்.

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகும் சாலையில் பிரிந்து போனால் செம்மண் மேட்டில் ஆயா வீடு. நாங்கள் வளர்ந்தது அங்கேதான். அந்தப் பக்கத்தில் வயல் என்ற பேச்சு அதிகம் கிடையாது, எல்லாம் கொல்லை. முந்திரிக்கொல்லை, பலாக்கொல்லை, மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். ஆயாவுக்கு இருந்தது மூன்றும் கலந்த ஒரு துண்டு. வடக்கு ஓரத்தில் பலா வரிசை, நடுவில் மல்லாட்டை விதைக்கிற வெட்டவெளி, மிச்சமெல்லாம் முந்திரி. சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி வேலி. இந்த மரமெல்லாம் யார் நட்டது என்று கேட்டால், "எங்க மாமனாரு சின்னப் புள்ளயா இருக்கச்சொல்லயே பெருமரம்டா இதெல்லாம்" என்பாள் ஆயா. அவளுக்கு அதற்கு முன்னால் ஒரு காலம் கிடையாது.

முந்திரி மரம் பிள்ளைகள் ஏறுவதற்கென்றே வளர்ந்தது போலிருக்கும். கிளைகள் தரையைத் தொட்டுப் படுத்துக் கிடக்கும். ஏற வேண்டியதுகூட இல்லை, நடந்து போகலாம். ஆனால் விடியற்காலையிலேயே பொறுக்கப் போய்விட வேண்டும். இரவில் வௌவால் பழத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சப்பிவிட்டுக் கொட்டையை வேறெங்காவது போட்டுவிடும். பக்கத்துக் கொல்லைக்காரர் கொட்டை எங்கள் மண்ணில் கிடக்கும், எங்களுடையது அங்கே கிடக்கும். இதை வைத்து வருஷம் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் பிரிப்பது பிள்ளைகள் வேலை. பழத்தை உப்புத் தொட்டுத் தின்போம். தொண்டை கரகரத்துக் குரல் மாறிப்போகும். மஞ்சள் பழத்தைவிடச் சிவப்புப் பழம் இனிப்பு என்பது என் கட்சி. அக்கா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பழத்துக்கு மதிப்பில்லை, கொட்டைதான் காசு. ஐஸ் வண்டியின் சத்தம் கேட்டதும் டவுசர் பையிலிருந்து ஒரு பிடி கொட்டையை நீட்டுவோம். ஐஸ்காரர் எடை போடமாட்டார், எண்ணவும் மாட்டார். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேமியாவா, சாதாவா?" என்பார். கொஞ்சம் கொடுத்தாலும் ஒரு ஐஸ், நிறையக் கொடுத்தாலும் ஒரு ஐஸ். கண்ணாடி மணியைக் கொடுத்துப் பொன்னை வாங்கிக்கொண்டுபோன ஐரோப்பிய மாலுமிகளைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, அந்தக் கணக்கு எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது.

ஆயா பார்க்காத நேரத்தில் சுட்டுத் தின்பது தனிக் கலை. ஓட்டை விழுந்த தகரம் ஒன்றை மூன்று கல்லின் மேல் வைத்துக் கீழே சருகைக் கொளுத்துவோம். கொட்டை சூடேறியதும் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து குபீரென்று பற்றிக்கொள்ளும். கறுப்புப் புகை பனைமர உயரத்துக்கு எழும். கொல்லையில் யார் திருட்டுத்தனம் செய்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். சரியான நேரத்தில் மண்ணை வாரிப் போட்டு நெருப்பை அணைக்க வேண்டும். முந்தினால் பருப்பு பச்சையாக இருக்கும், பிந்தினால் கரி. சுட்டதைக் கல்லால் தட்டி எடுக்கும் பருப்பின் ருசிக்கு, கடையில் டப்பாவில் விற்கிற எதுவும் ஈடாகாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

பச்சைக் கொட்டையைக் கடித்துப் பார்த்தவர்களும் உண்டு. உதடு வெந்து, தோல் உரிந்து, வாரக்கணக்கில் கஞ்சியோடு கிடப்பார்கள். "தொடாத கண்ணு, அந்தப் பாலு பட்டா தோலு வெந்துபோவும்" என்று சொல்லிக்கொண்டே ஆயா எங்கள் கையில் விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். கொட்டை உடைக்கிற பட்டறைகளுக்குப் போகும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். நகக்கண் வரை கறுத்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். வண்ணார் துணியில் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம். மாமரமும் அதே குடும்பம்தான்.

இப்படித் தோலை உரிக்கிற ஒரு கொட்டைக்குள் தின்னத்தக்க பருப்பு இருக்கிறது, அதை நெருப்பில் போட்டால் விஷம் எரிந்து போகும் என்று முதலில் கண்டுபிடித்தது யார்? பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் வாழ்ந்த டூப்பி இனத்தவர் போன்ற மக்கள். மரத்தின் பூர்வீகம் அந்த மணற்பாங்கான கரைகள். டூப்பிகள் பழத்தைப் பிழிந்து மது காய்ச்சினார்கள், கொட்டையைச் சுட்டுத் தின்றார்கள். 1550-களில் அங்கே போய்வந்த ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவி தன் புத்தகத்தில் இந்த மரத்தைப் பற்றி எழுதினார். அதில் உள்ள மரச்செதுக்குப் படத்தில் ஒருவர் மரத்தின் மேல் இருக்கிறார், கீழே பழம் பிழிகிறார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் கொல்லையைப் பார்ப்பது போலவே இருந்தது. துணி மட்டும்தான் வித்தியாசம்.

பிரேசிலையும் நம் மேற்குக் கரையையும் ஒரே பயணத்தில் தொட்ட முதல் ஐரோப்பியக் கப்பல்கள் பெத்ரோ ஆல்வாரெஸ் கப்ராலுடையவை. 1500 மார்ச்சில் 13 கப்பல்களோடு லிஸ்பனிலிருந்து புறப்பட்டவர், ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரையைக் கண்டார். மே மாதத் தொடக்கத்தில் அங்கிருந்து கிளம்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, செப்டம்பரில் கோழிக்கோட்டுக்கு வந்தார். வழியில் புயலில் பல கப்பல்கள் மூழ்கின. வந்த இடத்தில் வியாபாரம் சண்டையாக முடிந்து, டிசம்பரில் கோழிக்கோட்டின் மீது பீரங்கி முழங்கியது. முந்திரி அந்தக் கப்பல்களில் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வந்த பாதையைப் போட்டது அவைதான். 1578-இல் கிறிஸ்தோவாவ் த கோஸ்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் எழுதிய நூலில் கொச்சித் தோட்டங்களில் முந்திரி நிற்கிறது. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரையின் மணலுக்கும் செம்மண்ணுக்கும் பிறகு பரவியது.

வடக்கு ஓரத்துப் பலாவின் கதை நேர்மாறானது. அது இந்த மண்ணின் பிள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம். எங்கள் வீட்டில் பலாப்பழம் அறுப்பது ஒரு சடங்கு. தாத்தா திண்ணையில் சாக்கை விரித்து, அரிவாளுக்கும் கைக்கும் எண்ணெய் பூசிக்கொண்டு உட்காருவார். பிசினைச் சுற்றி எடுக்க ஒரு குச்சி. சுளை பிள்ளைகளுக்கு, சடை மாட்டுக்கு, கொட்டை குழம்புக்கு. பழுக்கும் காலத்தில் கொல்லையில் காவல் இருப்பார்கள். நரி வந்தாலும் வரும், மனுஷன் வந்தாலும் வருவான். மனுஷனுக்குத்தான் பயம் அதிகம்.

இந்தப் பலாவைப் போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் பஹியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மண் அதற்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. இன்று ரியோ டி ஜெனிரோ நகரத்தை ஒட்டிய டிஜுக்கா காட்டில் பலா ஓர் ஆக்கிரமிப்பு மரம். உள்ளூர் மரக்கன்றுகளை எழவிடாமல் அது காட்டை நிரப்புகிறது என்று, பட்டையை உரித்துப் பட்டுப்போகச் செய்கிறார்கள். இங்கே ஒரு கிளை ஒடிந்தாலும் ஆயா ஒரு வேளை சாப்பிடமாட்டாள். பலா இங்கிருந்து அங்கே போயிற்று, முந்திரி அங்கிருந்து இங்கே வந்தது. இரண்டும் எங்கள் கொல்லையில் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழ நின்றுகொண்டிருந்தன. அந்த நிழலில் படுத்துக்கொண்டு நான் காமிக்ஸ் படித்தேன்.

மல்லாட்டை பிடுங்குகிற நாட்களில் ஊரில் யாரையும் வீட்டில் பார்க்க முடியாது. செடியைப் பிடுங்கிக் குவித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயை ஆய்வார்கள். கூலி பணமாக வராது, ஆய்ந்ததில் பங்காக வரும். எல்லாம் முடிந்து கொல்லை வெறிச்சோடிய பிறகு, மண்ணுக்குள் தப்பிய காய்களைக் கொத்திப் பொறுக்கும் உரிமை பிள்ளைகளுடையது. அந்தத் தப்பு மல்லாட்டையில்தான் எங்களுக்குத் திருவிழாச் செலவு. விதைக்காகக் காய் உடைப்பது ராத்திரி வேலை. அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து உடைக்கும்போது தாத்தா கதை சொல்லுவார். ராஜா கதை அல்ல, மூட்டை கதை. அவருடைய அப்பா மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டிக் கடலூர் ஓ.டி. துறைமுகத்துக்குப் போவாராம். கப்பல் தூரத்தில் நிற்குமாம், படகில்தான் மூட்டை போகுமாம். "நம்ம மல்லாட்டைய வாங்கி வெள்ளக்காரன் சோப்பு காச்சறான்டா. அதையே நமக்கு விக்கறான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தாத்தா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் சொன்னது சரி. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து நிலக்கடலை கப்பலேறிப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று; அங்கே விளக்கெரிந்தது, சோப்பானது. தென்னார்க்காட்டுச் செம்மண் மேடு முழுக்க மல்லாட்டை பரவியதற்கு அந்தச் சந்தைதான் முக்கியக் காரணம். செடியின் தாய்வீடு அதற்கும் அப்பால், தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் மலையடிவாரம். 1987-இல் பெரு நாட்டின் சிபான் என்ற இடத்தில் ஒரு மோச்சே அரசனின் கல்லறையைத் தோண்டினார்கள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முந்தியது. அவன் கழுத்தில் நிலக்கடலை வடிவில் செய்த மணிகளின் மாலை கிடந்தது. 10 தங்கத்தில், 10 வெள்ளியில். நாங்கள் ஆய்ந்துபோட்ட அதே இடுப்பு ஒடுங்கிய காய்.

கேழ்வரகுக் கூழைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஆயா கோபித்துக்கொள்வாள். கூழ்தான் நமது ஆதிச் சாப்பாடு என்று எல்லோரும் சொல்கிறோம். கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கொலம்பஸுக்கும் வாஸ்கோ ட காமாவுக்கும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், பெயர் தெரியாத கடலோடிகளும் வணிகர்களும் கைமாற்றி வந்தவை. அதற்குக் கடித்துக்கொள்ளும் பச்சைமிளகாய் மெக்சிகோவிலிருந்து வந்த புதுப்பெண். எங்கள் பக்கத்துப் பெருமாள் கோயில்களில் காரத்துக்கு மிளகுதான் விழும் என்று ஆயா சொல்வாள். ஏன் என்று கேட்டால், "சாமிக்கு அதான் புடிக்கும்" என்பாள். மிளகாய் வருவதற்கு முன்பே பெருமாள் வந்துவிட்டார் என்பதுதான் விஷயம்.

வேலிக் கள்ளியில் எங்களுக்குப் பழமும் உண்டு, விளையாட்டும் உண்டு. பழத்தின் முள்ளைச் செம்மண்ணில் தேய்த்து நீக்கிவிட்டுத் தின்றால் நாக்கு ரத்தமாகச் சிவக்கும். கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் விரல் அதைவிடச் சிவக்கும். அதை நெற்றியில் பூசிக்கொண்டு சண்டையில் அடிபட்டவன் போல் நடித்து அம்மாவை அலறவைத்திருக்கிறேன். அந்தப் பூச்சியின் இனத்துக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யத்தின் பேராசை இருக்கிறது. மெக்சிகோவின் ஓஹாகா மக்கள் கள்ளியில் வளர்த்த பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தை ஸ்பெயின் தன் ஏகபோகமாக வைத்து விற்றது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதன் மேல் கண். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியை வரவழைத்து இங்கே வளர்க்கப் பார்த்தார்கள். வந்தது சாயம் தேறாத வேறு இனம். அது சாயம் கொடுக்கவில்லை, 1830-களில் தென்னிந்தியாவில் ஒரு வகைக் கள்ளியையே தின்று அழித்தது. பூச்சியை விட்டுக் களையை ஒழிப்பதற்கு அதையே ஆரம்ப உதாரணமாக இன்று விவசாயக் கல்லூரிகளில் சொல்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம் செங்கலும் சுண்ணாம்புமாகப் பெரிய தொட்டிகள் இடிந்து கிடந்தன. அவுரித் தொட்டி என்று பெயர். ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. பாம்பு இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதும் ஓர் ஈர்ப்பு. உள்ளே படிக்கட்டு போல ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும். மேல் தொட்டியில் அவுரித் தழையை ஊறவைத்து, அடுத்த தொட்டியில் அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, படிந்த நீலத்தை அள்ளிக் கட்டியாகக் காயவைப்பார்கள் என்று தாத்தா சொன்னார். அவர் காலத்திலேயே அந்தத் தொழில் முடிந்துவிட்டது. ஜெர்மானியர் ரசாயன நீலத்தை 1897-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அவுரி எழவில்லை.

அந்த நீலம் எங்கே போயிற்று என்பதை நான் தெரிந்துகொண்டது வளர்ந்து, கல்லூரி நூலகத்தில். தென்னார்க்காட்டு அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குக் கினி என்று பெயர். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கும், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கும் போயிற்று. சோழமண்டலக் கரையின் துணி இல்லாமல் ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரம் நடக்காது என்ற அளவுக்கு அங்கே அதற்குக் கிராக்கி. துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கி, அவர்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். அடிமை வியாபாரம் நின்ற பிறகும், 19-ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அதே துணிதான் பணமாகப் புழங்கியது. இங்கே அவுரி அடித்தவர்களுக்கும் தறியில் உட்கார்ந்தவர்களுக்கும் துணி யார் கையில் போய் என்னவாக மாறியது என்பது தெரிந்திருக்க வழியில்லை. லாபம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே. 1853-இல் ஒரேலி என்ற கப்பல் தமிழர்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவில் போய் இறங்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் கப்பல் போயிற்று. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றினார்கள். முதலில் எங்கள் கரையின் துணி, அடுத்து எங்கள் கரையின் மனிதர்கள், அதே கரும்புக்கு. மார்த்தினிக், குவாதலூப் பெண்கள் தலையில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட துணிக்கு அங்கே இன்றும் மதராஸ் என்றுதான் பெயர். மாரியம்மனுக்கு அங்கே கோயில் இருக்கிறது. எங்கள் ஊரில் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒரு மூதாதையைப் பற்றி ஆயா பேசியதுண்டு. எந்தத் தீவு என்று அவளுக்குத் தெரியாது, ஆடியில் கூழ் ஊற்றும்போது அவருக்கும் ஒரு சொம்பு தனியாக எடுத்துவைப்பாள்.

ஆயா போய்விட்டாள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, கொல்லையில் பலாவும் முந்திரியும் வித்தியாசம் இல்லாமல் சாய்ந்தன. மறு நடவில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. ஒட்டுக் கன்றுகளை வைத்தோம். பண்ருட்டிப் பட்டறைகளில் இப்போது உடைபடும் கொட்டையில் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியானதும் உண்டு. அங்கேயும் முந்திரியை முதலில் கொண்டுபோய் நட்டவர்கள் போர்த்துக்கீசியர்தான்.

இந்தக் கதையை நம் பள்ளிப் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: முந்திரி, மிளகாய், நிலக்கடலை, பப்பாளி முதலியன போர்த்துக்கீசியர் அளித்த கொடை. கப்பல்காரர்கள் வந்தது மிளகுக்கும் துணிக்கும். செடி கூட வந்தது, அவ்வளவுதான். அந்தச் செடிகளைக் காட்டிலிருந்து எடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்து, விஷத்தைப் போக்கும் வழி கண்டு, மனிதருக்கு உணவாக்கியவர்கள் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள். ஐரோப்பியக் கப்பல்கள் அவர்களுக்குக் கொண்டுபோனது அம்மை நோயை. 1520-இல் மெக்சிகோவின் தலைநகரையே அது சாய்த்தது. 1560-களின் தொடக்கத்தில் பஹியா கரையின் டூப்பி கிராமங்களைக் காலியாக்கியது. ஏறக்குறைய அந்தத் தலைமுறையிலேயே அவர்களுடைய முந்திரி கொச்சியில் காய்க்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கும் பழைய உலகத்துக்கும் நடுவே நோயும் பயிரும் இப்படி இடம் மாறியதை ஆல்ஃபிரட் கிராஸ்பி 1972-இலேயே புத்தகமாக எழுதிவிட்டார். நம் வகுப்பறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள். முந்திரி என்று வரும் இடத்தில் டூப்பி மக்கள் என்றும், மிளகாய் என்று வரும் இடத்தில் மெக்சிகோவின் உழவர்கள் என்றும், நிலக்கடலை என்று வரும் இடத்தில் ஆண்டிஸ் மலையடிவாரத்து உழவர்கள் என்றும் எழுதுங்கள். போர்த்துக்கீசியர் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள், கப்பல் ஓட்டியவர்கள் என்று.